கேட்டீர்கள், சொல்கிறேன்: இகுன் தெருப் பித்தளை

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, 'நைஜீரியாவில் பெனின் நகரத்தில் ஏழு வருடம் ரசாயன வாத்தியாராக இருந்தேன். அங்கே ஒரு தெரு முழுக்கப் பித்தளை வார்ப்பவர்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் தனிக் கட்டாக மேஜையில் கிடக்கின்றன. சரி, இந்த முறை பெனின் மட்டும்தான். மற்றதைக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் பெயர்கள் போடவில்லை.

கேள்வி: உலக வரைபடத்தில் பெனின் என்று தனி நாடே இருக்கிறது. நீங்கள் நைஜீரியா என்கிறீர்களே, தவறு இல்லையா?

பதில்: வரைபடமும் சரி, நானும் சரி. தஹோமி என்றிருந்த நாடு 1975-ல் பக்கத்தில் இருக்கும் பெனின் வளைகுடாவின் பெயரை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டது. நான் சொல்லும் பழைய பெனின் அரசு அதற்குக் கிழக்கே, நைஜீரியாவின் தெற்குப் பகுதியில் இருந்தது. ஜனங்கள் எடோக்கள், மொழியும் எடோ. 1979 செப்டம்பரில் நான் போய் இறங்கியபோது அது பெண்டல் மாநிலம். 1991-ல் பிரித்து எடோ மாநிலம் என்று பெயர் வைத்தார்கள். தலைநகர் அப்போதும் இப்போதும் பெனின் நகரம்தான்.

கேள்வி: அந்த அரசு எவ்வளவு பழையது? பெரிய மதில் இருந்ததாமே?

பதில்: முதலில் 'ஒகிசோ' என்கிற அரசர்கள் ஆண்டார்கள். வானத்து அரசர்கள் என்று பொருள். அவர்கள் ஆட்சி கெட்டுப்போனதும் ஊர்ப் பெரியவர்கள் இஃபே நகரத்துக்கு ஆள் அனுப்பி ஓர் இளவரசனைக் கேட்டார்களாம். வந்தவன் ஒரான்மியான். அவனுக்கு ஊர் ஒத்துவரவில்லை. 'இது எரிச்சல் பிடித்த பூமி, இங்கே பிறந்தவன்தான் இந்த ஜனங்களை ஆள முடியும்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். உள்ளூர்ப் பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த மகன் எவேகாதான் முதல் ஓபா, அதாவது அரசன். காலம் 1200 வாக்கில் என்பார்கள். பெனின் என்ற பெயரே அந்த எரிச்சலிலிருந்து வந்தது என்று ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மழைக்காலத்தில் அந்தச் செம்மண்ணில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவனுக்கு ஒரான்மியான் பக்கமும் நியாயம் தெரியும்.

மதில் என்றால் கல் மதில் இல்லை. ஆழமாக அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே உட்புறம் கரையாகக் கொட்டினார்கள். 'இயா' என்று பெயர். நகரத்தைச் சுற்றிய உள்வளையம் மட்டும் 11 கிலோமீட்டருக்கு மேல். அகழியின் அடியிலிருந்து கரையின் உச்சி வரை சுமார் 17 மீட்டர். 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட எவுவாரே பெரிதாக எழுப்பியது அது. நான் பார்த்தபோது பல இடங்களில் அகழி, குப்பை கொட்டும் பள்ளம். கரை மண்ணை வீடு கட்டுபவர்கள் லாரியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: எல்லா இடத்திலும் 'பெனின் வெண்கலங்கள்' என்றே போடுகிறார்கள். நீங்கள் பித்தளை என்கிறீர்கள். எது சரி? எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. 'பெனின் வெண்கலம்' என்பது ஐரோப்பிய மியூசியங்களில் ஒட்டிக்கொண்ட பெயர். அவற்றில் பெரும்பாலானவை பித்தளைதான். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். வார்ப்பவர்கள் இருக்கும் அந்த இகுன் தெருவில், உலோகம் உருக்கும் மூசையை நெருப்பிலிருந்து தூக்கும்போது மேலே பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை கிளம்பும். துத்தநாகம் ஆவியாகிக் காற்று பட்டதும் எரிகிற புகை. ஐந்தாம் ஃபாரம் பையன்களை வருடா வருடம் அங்கே கூட்டிப் போய் அதைக் காட்டுவேன். பாதிப் பையன்களுக்கு மாமனோ சித்தப்பாவோ அந்தத் தெருவில் இருப்பார்கள். 'சார், இது எங்களுக்குத் தெரியாதா?' என்பதுபோல நிற்பார்கள்.

வார்ப்பவர்கள் தனிக் குழு. 'இகுன் எரொன்ம்வோன்' என்று பெயர், தலைவருக்கு 'இனே' என்று பட்டம். முதல் குருவை இஃபேயிலிருந்து ஓபா ஒகுவோலா வரவழைத்தார் என்பது குழுவின் கதை. பழைய நாளில் அரண்மனைக்குத் தவிர வேறு யாருக்கும் வார்க்கக் கூடாது. தந்தமும் மரமும் செதுக்குகிறவர்கள் வேறு குழு, 'இக்பெசன்ம்வான்'.

நான் வழக்கமாகப் போய் உட்காரும் பட்டறையில் ஒரு முதியவர். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. முதலில் செம்மண் களியைப் பிசைந்து உருவத்தின் கருவைச் செய்து நிழலில் காய வைப்பார். அதன் மேல் தேன்மெழுகை மெல்லிய தோலாகப் போர்த்துவார். கண், தழும்பு, பவழ மாலை எல்லாம் இந்த மெழுகில்தான். மெழுகை நூல் மாதிரி உருட்டி, எச்சில் தொட்டு ஒட்டி, மூங்கில் குச்சியால் கோடு இழுப்பார். உலோகம் உள்ளே போக மெழுகாலேயே குழாய்கள். அப்புறம் வடிகட்டிய மெல்லிய களி ஒரு பூச்சு, காய்ந்ததும் மொத்தமான மண் பூச்சு. நெருப்பில் காட்டினால் மெழுகு ஒழுகிவிடும், அந்த இடைவெளியில் உருக்கிய பித்தளையை ஊற்ற வேண்டும். பித்தளை எங்கிருந்து? உடைந்த தண்ணீர்க் குழாய், மோட்டார் உதிரி, பழைய பூட்டு. ஆறியதும் அச்சை உடைத்தால்தான் உள்ளே சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஒரு அச்சுக்கு ஒரே உருவம். நம் சாமி சிலைகள் உள்ளேயும் கெட்டி. இவர்களுடையது உள்ளே கூடு, பழைய வார்ப்பென்றால் சுவர் சில மில்லிமீட்டர்தான். அதனால் உலோகம் கொஞ்சம் சுணங்கினாலும் எங்காவது ஓட்டை விழும்.

அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவு சிறுத்தை. பின்னங்கால் ஒன்றுக்கு உலோகம் போய்ச் சேரவில்லை, முழங்காலோடு நின்றுவிட்டது. பாப்பா அதை மறுபடி உருக்க மூசைப் பக்கம் எறிந்தார். நான் விலை கேட்டேன். 'கெட்ட வார்ப்பை விற்றால் இனே காதுக்குப் போகும், டீச்சர்' என்றார். நான் விடவில்லை. கடைசியில், 'விற்கவில்லை. நீ எடுத்துக்கொண்டு போவதை நான் பார்க்கவில்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடோ மொழியில் 'சா-எ-யாமா' என்று ஒரு சொல். நினைவில் வைத்துக்கொள்வது என்று பொருள். பிரித்துப் பார்த்தால் 'பித்தளையில் உருவம் வார்ப்பது'. எழுத்து வழக்கம் இல்லாத அரசில், உருவங்கள் வார்த்த பித்தளைத் தகடுகளும் அரசர்களின் பித்தளைத் தலைகளும்தான் ஆவணக் காப்பகம். கீழே வரும் பல பதில்களுக்கு இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவர்கள் கும்பிடும் தெய்வங்கள் யார்? அரசனையே கடவுளாகக் கும்பிட்டார்களா?

பதில்: படைத்தவர் ஒசனோபுவா. எட்டத்தில் இருக்கும் பெரிய தெய்வம். அன்றாடத்துக்கு நெருக்கம் அவருடைய மூத்த மகன் ஓலோகுன். கடல், ஆறு, செல்வம், பிள்ளைப்பேறு எல்லாம் அவர் கையில். இரும்புக்கு ஓகுன், கருமானும் வேட்டைக்காரனும் மட்டுமில்லை, என் காலத்தில் லாரி டிரைவர்களும் அவர் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் 'எஹி' என்று ஓர் ஆவித்துணை உண்டு. பிறப்பதற்கு முன் நீ இந்தப் பிறவியில் என்ன செய்யப்போகிறாய் என்று ஒசனோபுவாவிடம் சொல்லிவிட்டு வருகிறாய், எஹி அதற்குச் சாட்சி. மனிதன் 14 முறை பிறப்பான் என்பது கணக்கு.

இதற்கு மேல், தலைக்கும் கைக்கும் தனிப் பூஜை உண்டு. தலை என்பது அறிவும் அதிர்ஷ்டமும், கை என்பது சொந்த முயற்சி. கைக்கென்று 'இகெகோபோ' என்று உருளை வடிவப் பீடம் செய்து வைத்துக்கொள்வார்கள். உழைத்து முன்னுக்கு வந்தவன் தன் கைக்கே நன்றி சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பட்டக்காரர் வம்சம். ஞாயிற்றுக்கிழமை கோட் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். மற்ற நாள் விடியற்காலையில் வீட்டின் உள்முற்றத்திலிருந்து 'டக், கிலுக்' என்று சத்தம் வரும். மூங்கில் கணு மாதிரி செதுக்கிய 'உகுரே' கோலைத் தரையில் தட்டி முன்னோரைக் கூப்பிடும் சத்தம். கோலுக்கு உள்ளேயே மரக்கட்டை ஆடும்படி குடைந்திருப்பார்கள், அதுதான் அந்தக் கிலுக். அவர் பீடத்தில் இருந்தவை மரத் தலைகள். பித்தளைத் தலை அரச குடும்பத்துப் பீடங்களுக்கு மட்டும். ஓபா போனதும் அடுத்து வரும் மகன் செய்ய வேண்டிய முதல் கடமைகளில் ஒன்று, அப்பாவுக்குத் தலை வார்த்து வைப்பது. தலையின் உச்சியில் துளை விட்டு அதில் செதுக்கிய யானைத் தந்தத்தை நிறுத்துவார்கள்.

ஓலோகுனுக்கு உகந்த நிறம் வெள்ளை. சந்தையில் 'ஓர்ஹுவே' என்று வெள்ளைக் களிமண் கட்டி விற்கும். பள்ளியில் சாக்பீஸ் தீர்ந்துபோன ஒரு வாரம், கரும்பலகையில் எழுத ஆகுமே என்று நான்கு கட்டி வாங்கினேன். விற்ற அம்மாள் ரொம்ப மரியாதையாக, 'எந்தக் கோவிலுக்கு?' என்று கேட்டாள். என்ன சொல்வது? ஐந்தாம் ஃபாரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அரசன் கடவுளா என்றால், ஓலோகுன் கடலுக்கு ராஜா, ஓபா நிலத்துக்கு ஓலோகுன். ஓபா சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்றெல்லாம் வெளியில் பேசக் கூடாது. தகடுகளில் சில இடத்தில் ஓபாவின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சேற்று மீன்கள் வளைந்திருக்கும். தண்ணீரிலும் சேற்றிலும் பிழைக்கிற மீன், அதனால் இரண்டு உலகத்துக்கும் பொதுவான ஜீவன். இதற்கு ஊரில் சொல்லும் கதை கொஞ்சம் கொடூரமானது. ஓபா ஓஹென் காலில் வாதம் வந்து நடக்க முடியாமல் போனார். அதை மறைக்க, சபை கூடுவதற்கு முன்பே தூக்கி வந்து உட்காரவைக்கச் சொல்லி, சபை கலைந்த பிறகே போவார். சந்தேகப்பட்ட தலைமை அமைச்சர் ஒளிந்திருந்து பார்த்துவிட்டார். ஓபா அவரைக் கொன்றார். விஷயம் வெளியே வந்ததும் ஜனங்கள் ஓபாவை ஓர்ஹுவே கட்டியாலேயே எறிந்து கொன்றார்கள். அந்தக் கால்தான் பிறகு சிற்பத்தில் மீனாயிற்று. வெட்கப்பட்டு மறைத்தது தெய்வ அடையாளமாகி நிற்கிறது, பாருங்கள்.

கேள்வி: தகடுகளில் நீள மூக்கும் தாடியுமாக வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்களே?

பதில்: போர்த்துகீசியர்கள். 1480-களில் வந்தார்கள். கடல் தாண்டி, வெளுத்த நிறத்தில், கையில் செல்வத்தோடு வருகிறவன் யார்? ஓலோகுன் அனுப்பியவன்தானே! மிளகும் தந்தமும் அடிமைகளும் வாங்கிப்போக அவர்கள் கொடுத்தது பவழமும் 'மனில்லா' என்கிற பித்தளை வளையமும். லாட வடிவத்தில் இருக்கும். கப்பல் உடைந்து கடலடியில் கிடந்த மனில்லாக்களைச் சோதித்து 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பித்தளை ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியது, பெனின் வார்ப்புகளோடு ஒத்துப்போகிறது என்று சொன்னது.

அடிமை வியாபாரத்தை மழுப்பக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் ஓபாக்கள் ஆண் அடிமைகளை வெளியே விற்கத் தடை போட்டார்கள், அந்தத் தடை நூறாண்டுக்கு மேல் நின்றது. அதற்கு முன்பும் பின்பும் விற்றார்கள். விற்கப்பட்டவர்களின் சந்ததியார் அமெரிக்காவிலிருந்து, 'அந்த வளையங்கள் எங்கள் பாட்டன்மாருக்குக் கொடுத்த விலை, அதில் வார்த்தவற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு' என்று கேட்கிறார்கள். அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: தந்தத்தில் செய்த ஒரு பெண் முகம் அடிக்கடி படத்தில் வருகிறது. யார் அவர்?

பதில்: இடியா. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஓபா எசிகியேயின் தாய். முதல் 'இயோபா', அதாவது ராஜமாதா. மகனுக்காகப் போருக்குப் படை திரட்டியவர், மந்திரமும் மருந்தும் அறிந்தவர் என்பார்கள். முகமூடி ஒரு சாணுக்குச் சற்று அதிகம். நெற்றியில் இரண்டு நெட்டுக் கோடாக இரும்பு பதித்திருக்கும். தலைக்கு மேல் கிரீடம் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள்; உற்றுப் பார்த்தால் தாடி வைத்த போர்த்துகீசியர்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு, ஒன்று லண்டனில், ஒன்று நியூயார்க்கில். 1977-ல் லாகோஸில் நடந்த கறுப்பின மக்களின் கலை விழாவுக்கு இதுதான் சின்னம். இரவல் கேட்டதற்கு பிரிட்டிஷ் மியூசியம் தரவில்லை. பெனினில் புதிதாகச் செதுக்கிக்கொண்டார்கள். நான் போனபோது அந்த முகம் துணி, காலண்டர், பஸ்ஸின் பின்புறம் என்று எங்கும் இருந்தது. அசல்தான் ஊரில் இல்லை.

கேள்வி: 1897-ல் என்ன நடந்தது? நரபலியை நிறுத்தத்தான் பிரிட்டிஷார் படையெடுத்தார்கள் என்று படித்தேன்.

பதில்: நரபலி இருந்தது. படை நெருங்க நெருங்க, ஆபத்தைத் தடுக்க என்று அதிகமாகவும் ஆயிற்று. ஆனால் படை கிளம்பிய காரணம் அது என்று நம்பினால் நாம் ஏமாளிகள். பாமாயில் வியாபாரத்தை ஓபா ஓவொன்ராம்வென் தன் பிடியில் வைத்திருந்தார், வேண்டாதபோது சந்தையை மூடினார். கரையோர பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் 1896 நவம்பரிலேயே, ஓபாவை அகற்ற அனுமதி கேட்டு லண்டனுக்கு எழுதினார். அரண்மனையில் கிடைக்கும் தந்தமே செலவை ஈடுகட்டும் என்றும் அதில் எழுதினார். கணக்கு முதலிலேயே போட்டாயிற்று.

பதில் வருவதற்குள் அவரே கிளம்பினார். அது இகுவே திருவிழாக் காலம். ஓபா தன் தலைக்குப் பூஜை செய்யும் நாட்கள், வெளியாரைப் பார்க்க மாட்டார். 'இப்போது வராதே' என்று சொல்லி அனுப்பினார்கள். ஃபிலிப்ஸ் கேட்கவில்லை. 1897 ஜனவரி 4 அன்று வழியிலேயே தாக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் இரண்டு பேர் மட்டும் தப்பினார்கள், கூடப் போன ஆப்பிரிக்கச் சுமைகாரர்களும் ஏராளமாகச் செத்தார்கள். தாக்கச் சொன்னது ஓபா இல்லை, தலைவர்கள் சிலர் தாமாக முடிவெடுத்தார்கள் என்பது பெனின் தரப்பு.

ஆறே வாரத்தில் அட்மிரல் ராசன் சுமார் 1,200 பேரோடு வந்தார். பிப்ரவரி 18-ல் நகரம் விழுந்தது, மூன்று நாளில் எரிந்தது. ஓபா காலபாருக்கு நாடு கடத்தப்பட்டு 1914-ல் அங்கேயே முடிந்தார்.

அரண்மனையில் இருந்தவை ஆயிரக்கணக்கில் போயின. தகடுகள் மட்டும் எண்ணூறுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஆணித்துளை இருக்கும், தூண்களில் அறைந்திருந்த அடையாளம். அரண்மனைத் தூண்களில் போர்க் காட்சிகள் பொறித்த செம்புத் தகடுகள் இருந்ததாக 1668-லேயே டாப்பர் என்கிற டச்சுக்காரர் அச்சிட்டிருக்கிறார், ஆப்பிரிக்காவுக்கே போகாமல்! எந்தத் தூணில் எதற்கு அடுத்து எது இருந்தது என்ற வரிசை மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை. எண்ணூறு பக்கப் புத்தகத்தைப் பிரித்துப் பல நாட்டில் ஏலம் போட்ட மாதிரி. இனி எவ்வளவு திரும்ப வந்தாலும் பக்க எண் வராது.

கேள்வி: திரும்பக் கொடுத்தார்களா இல்லையா?

பதில்: கொஞ்சம் கொஞ்சமாக. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியம் சில தகடுகளை நைஜீரியாவுக்கே விலைக்கு விற்றது! 2014-ல், படையில் போன ஓர் அதிகாரியின் பேரன் தன் வீட்டிலிருந்த ஒரு மணியையும் ஒரு பித்தளைப் பறவையையும் நேரில் கொண்டுபோய் ஓபாவின் அரண்மனையில் கொடுத்தார். அந்தப் பறவைக்குக் கதை உண்டு. எசிகியே போருக்குக் கிளம்பும்போது ஒரு பறவை தோல்வி என்று கத்தியது. அதைக் கொல்லச் சொல்லிவிட்டுப் போய் வென்று வந்தார். அதிலிருந்து திருவிழாவில் பட்டக்காரர்கள் பித்தளைப் பறவையின் அலகில் தட்டிக்கொண்டு நடப்பார்கள். விதியின் வாயில் அடிக்கிறார்கள்! 2021-ல் கேம்பிரிட்ஜ் ஜீஸஸ் கல்லூரி ஒரு சேவலைக் கொடுத்தது. 2022-ல் ஜெர்மனி உரிமையை மாற்றிக் கொடுத்து, முதல் தவணையாக இருபது சொச்சத்தைக் கொண்டுவந்தது. 2025-ல் நெதர்லாந்து 119. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 900 அப்படியே இருக்கின்றன. திரும்புகிறவை ஓபாவுக்குச் சொந்தம் என்று 2023-ல் நைஜீரிய ஜனாதிபதி அறிவித்ததும், பொதுச் சொத்து தனியார் கைக்குப் போகிறதே என்று சில மியூசியங்கள் தயங்கின. அப்பா பீடத்துக்கு வார்த்த தலையை மகன் வீட்டுக்குக் கொடுக்க இவ்வளவு யோசனையா என்பது என் கட்சி.

1986-ல் நான் ஊருக்குக் கிளம்பியபோது, அந்த மூன்று கால் சிறுத்தையைக் கொண்டுபோக மியூசியத்தில் கடிதம் வாங்க வேண்டியிருந்தது, அது பழம்பொருள் இல்லை என்று. இரண்டு நாள் அலைந்தேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதையா கொண்டுபோகிறீர்கள்?' என்றார்.

கேள்வி: இப்போதும் ஓபா இருக்கிறாரா?

பதில்: இருக்கிறார். 1914-ல் பிரிட்டிஷாரே ஓவொன்ராம்வெனின் மகனை அரியணையில் ஏற்றினார்கள், வரிசை அறவில்லை. ஆட்சி அதிகாரம் கிடையாது, ஆனால் ஊரில் அவர் வார்த்தைக்கு இருக்கும் கனம் எந்த கவர்னருக்கும் இல்லை. என் காலத்தில் ஓபா எரெடியாவுவா. இப்போது அவர் மகன் இரண்டாம் எவுவாரே, முன்பு அங்கோலாவிலும் சுவீடனிலும் இத்தாலியிலும் தூதராக இருந்தவர். 2016 அக்டோபர் 20-ல் பட்டமேற்றார்.

அதே வருடம் ஏப்ரல் மாதம் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: 'ஓர்ஹுவே உடைந்துவிட்டது, சார்.' ஓபா இறந்தார் என்று யாரும் சொல்லக் கூடாது. தலைமைப் பட்டக்காரர் எல்லோர் முன்னும் வெள்ளைக் கட்டியைத் தரையில் போட்டு உடைப்பார். அவ்வளவுதான் அறிவிப்பு.